வெள்ளை நூலும் சிவப்பு நூலும்

கோவிந்தாபுரம்
14 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அப்பா, அண்ணன், நான் எல்லோரும் சௌக்கியம். மாடுகள்தான் என்னிடம் முகம் கொடுக்க மறுக்கின்றன. என் கை அவற்றுக்குப் புதிது. செவலை நேற்றும் உதைக்க வந்தது. உங்கள் முழங்காலை உதைத்ததோடு அதன் ஆத்திரம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன், தீரவில்லை.

நேற்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து வீடு கலங்கிப் போயிருக்கிறது. அண்ணன் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "காலுக்குக் கரண்டு கொடுத்துப் பயிற்சி" என்று நீங்கள் சொன்னது கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா காதிலும் விழுந்தது. சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார்.

"மோட்டார் ஸ்டார்ட்டரு என்னயத் தூக்கி வரப்புல வீசுனது மறந்து போச்சா? பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமி அதோட போய்ச் சேந்தவன். என்ற மருமவ பஸ் ஏறிப் போயி ஷாக்கு வாங்கறாளா?" என்று ஒரே கூப்பாடு.

எனக்கும் பகீரென்றுதான் இருந்தது. பிறகு படித்துப் பார்த்தேன். அறுவை சிகிச்சைக்குப் பின் சோர்ந்துபோன தசைக்குச் சிறிய மின்தூண்டல் கொடுத்து எழுப்புவதாம், விளையாட்டுக்காரர்களும் நேரமில்லாதவர்களும்கூடச் செய்துகொள்கிறார்களாம். அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். பாதி நம்பினார்.

அண்ணன்தான் நம்பவில்லை. "போன்ல தேவலைன்னு சொல்றது பேச்சு. அளவுன்னா கண்ணுல பாக்கோணும்" என்கிறார். கன்றுக்குட்டி வாங்கும்போது நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு அளப்பாரே, அதே மாதிரி முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தள்ளி நூல் சுற்றி, அளவாக அறுத்துத் தபாலில் அனுப்ப வேண்டுமாம். மெலிந்த காலுக்கு வெள்ளை நூல், நல்ல காலுக்குச் சிவப்பு நூல். இரண்டும் ஒரே நீளம் ஆகிறதா என்று பார்ப்பாராம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள். அவருக்குத் தெரிந்த அக்கறை இவ்வளவுதான்.

எனக்கு ஒரு லாபம் உண்டு. நூலோடு கடிதமும் வருமில்லையா? ஸ்பீக்கர் இல்லாமல் நாம் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

கல்லூரி ஜூன் மூன்றாம் தேதி திறக்கிறது. சம்பளமில்லா விடுப்பில்தான் வந்திருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். கணவரைவிட்டு வந்த பிறகு எனக்கென்று இருப்பது அந்தத் தமிழ் வகுப்பும் பாலக்காட்டில் மூன்றாம் மாடி அறையும்தான். அதற்குள் நீங்கள் நடந்து வந்துவிட வேண்டும். அவசரப்படுத்தவில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
சிவசங்கரி


உடும்பஞ்சோலை
25 மார்ச் 2024

அன்புள்ள சங்கரி,

மாமாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். முதலில் நானும் பயந்தேன்.

ஆர்த்தியை உனக்குத் தெரியாது. பாலக்காட்டுச் சித்தூரில் படித்தபோது விடுதியில் எனக்கு அடுத்த கட்டில். எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரிக்காரர் மகள், பிறகு பிசியோதெரபி படித்தவள். ஏலக்காய்க் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து இதை நடத்துகிறாள். வந்ததும் அறுவை செய்த டாக்டரின் கடிதத்தைக் கேட்டாள். இதயத்தில் கருவி வைத்திருக்கிறதா, வலிப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "முழுகாம இருக்கியாட்டி?" என்றாள். நாற்பத்தாறு வயதில்! நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சிரிக்காதட்டி, யாரு வந்தாலும் கேப்பேன். கேக்காம பொத்தானத் தொட மாட்டேன்" என்றாள்.

ஒரு கறுப்பு உள்சட்டை, தொடைக்கும் இடுப்புக்கும் பட்டைகள். எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் மாட்டுகிறார்கள். இந்த மலைக் குளிரில் அதுவே முதல் அதிர்ச்சி. பிறகு ஒயர்கள். ஒரு பெட்டியில் தொடைக்கொன்று, முதுகுக்கொன்று என்று குமிழ்கள். நான்கு நொடி இழுக்கும், நான்கு நொடி விடும். முதலில் எறும்பு ஊர்வது போலிருந்தது. ஆர்த்தி இன்னும் ஒரு கோடு கூட்டினாள்.

சங்கரி, என் தொடை துள்ளியது!

அறுவைக்குப் பிறகு டாக்டர் "தொடையை இறுக்குங்கள்" என்பாரே, நீயும் பக்கத்தில் இருந்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மனதால் இறுக்குவேன், தொடை சோற்றுருண்டை மாதிரி கிடக்கும். அது என் கண்ணெதிரே எழுந்து உட்கார்ந்தால் கத்தாமல் என்ன செய்வது? வலிக்கிறதென்று நினைத்து ஆர்த்தி நிறுத்திவிட்டாள். "இல்லடி, போடு போடு" என்றேன். அழுகையும் வந்தது.

"கரண்டு பாட்டுக்கு இழுக்கட்டும்னு பொணம் மாதிரி கெடக்காத. அது இழுக்கும்போது நீயும் சேந்து இழு. அப்பதான் தொடைக்கு ஞாவகம் வரும்" என்றாள். சேர்ந்து இழுத்தேன். வாரத்துக்கு ஒருமுறைதான் இப்போது. ஆசைப்பட்டு அதிகம் செய்தால் தசை கரைந்து, சிறுநீர் பாலில்லாத கட்டன்சாயா நிறத்தில் போகுமாம், சிறுநீரகம் கெடுமாம். மற்ற நாட்களில் சாதாரணப் பயிற்சி.

மொத்தம் இருபது நிமிடம். நம் வீட்டில் அந்த இருபது நிமிடம் எனக்குக் கிடைத்ததா, யோசித்துப் பார். "உட்கார்ந்தே செய்யற வேலைதான" என்று முருங்கைக்கீரையிலிருந்து பால் கணக்கு வரை எல்லாம் என் மடிக்கு வந்தது. காலைத் தூக்கும்போதெல்லாம் யாராவது கூப்பிடுவார்கள். இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் எழுந்து போக முடியாது, ஒயரில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

நூல்கள் இதோடு. தொடையில் சுற்றும்போது ஆர்த்தி, "உம் புருசன் என்ன, தறி ஓட்டுறவரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிரியமுடன்,
கோமதி


கோவிந்தாபுரம்
17 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

விஷுவுக்கு நீங்கள் இல்லாமல் பாயசம் நான் வைத்தேன். அடிபிடித்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அதுவே பெரிய விமர்சனம்.

மாங்காய் லாரிகள் விடியும் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டன. வெயில் சொல்லி முடியாது. தரையில் கால் வைக்க முடியவில்லை. உங்கள் குளிரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் இரக்கத்தோடு எழுதுங்கள்.

நூல்கள் ஒவ்வொரு வாரமும் தவறாமல் வருகின்றன. பால் சொசைட்டி காலண்டர் தொங்கும் ஆணியில் ஜோடி ஜோடியாக மாட்டியிருக்கிறார் அண்ணன். வெள்ளை நூல் முதலில் இருந்ததைவிட ஒரு விரல்கடை நீண்டிருக்கிறது. குளித்துவிட்டு வந்ததும் அப்பா திருநீறு பூசுவதற்கு முன்னால் நூலைத்தான் பார்க்கிறார். "கரண்டுலயும் நல்ல கரண்டு இருக்குதாட்ட" என்று நேற்று ஒப்புக்கொண்டார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன சந்தை நாளில் அண்ணன் நூல்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலந்தாவளம் போயிருக்கிறார். டீக்கடையில் மாட்டுத் தரகர்களுக்குக் காட்டியிருக்கிறார்! பெரியமுத்து என்று ஒரு தரகர் இருக்கிறாரே, மீசைக்காரர், அவர் வெள்ளை நூலையும் சிவப்பு நூலையும் விரலில் நீவிப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க பூபதி. இன்னொரு மாசம் நல்லாத் தீனி போட்டு நிறுத்துனீங்கன்னா சரிசோடி ஆயிரும்" என்றாராம். டீக்கடையே சிரித்ததாம். நூல் கை மாறிக் கை மாறிப் போய், கடைசியில் டீ மாஸ்டர்கூடப் பார்த்தாராம். அண்ணன் அதை நடித்துக் காட்டினார். நானும் அப்பாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். உங்களுக்கும் சிரிப்பு வரும் என்றுதான் எழுதுகிறேன்.

பிரின்சிபல் கூப்பிட்டிருந்தார். ஜூன் மூன்று உறுதிதானே என்று கேட்டார். உறுதி என்றேன். நூலை நம்பிச் சொன்னேன்.

அன்புடன்,
சிவசங்கரி


உடும்பஞ்சோலை
27 ஏப்ரல் 2024

அன்புள்ள சங்கரி,

உன் கடிதம் கிடைத்தது.

இங்கே கோடை மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. ஏலச்செடி வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் சந்தோஷம்.

சிகிச்சை நடக்கிறது. மெதுவாகத்தான். ஆர்த்தி, இது அப்படித்தான், ஏறும், நிற்கும் என்கிறாள். இந்த வாரம் வெள்ளை நூல் போன வாரம் அளவுதான். மாமா பார்த்துக் கவலைப்பட்டால் நீ ஆறுதல் சொல்.

இங்கே வருகிறவர்களைப் பார்த்தால் பொழுது போகும். பாண்டித்துரை என்று ஒரு ஜீப் டிரைவர். டூரிஸ்டுகளை மலை மேல் தூக்கிப்போட்டுத் தூக்கிப்போட்டு அவன் முதுகு போய்விட்டது. கீழே ஜீப்பில் ஆட்களை உட்கார வைத்துவிட்டு மேலே வருவான். "அவுக டீ குடிக்க நேரத்துல முடிச்சு விட்டுருங்க" என்பான். முதல் நாள் பெரிய வீரம். "நம்மளுக்கெல்லாம் இது எந்த மூலைக்கு, ஃபுல்லா வைங்க" என்றான். முதல் இழுப்புக்கே "யம்மா!" என்று கத்தியதில் கீழே ஏலக்காய் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். "யக்கா, சத்தியமா இனி வாயத் தொறக்க மாட்டேன், அதுலருந்து கைய எடுத்துருங்கக்கா" என்று ஒரே கெஞ்சல். முகத்தைப் பார்த்தாலே தெரியும், எந்தக் கோட்டில் பயம் முடிந்து வலி ஆரம்பிக்கிறதென்று. அதற்கு ஒரு கோடு முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

கோமதி


கோவிந்தாபுரம்
10 மே 2024

அன்புள்ள அண்ணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வந்த வெள்ளை நூல் சிறுத்திருக்கிறது. தபாலில் சுருங்கிவிட்டதோ என்று நீவிப் பார்த்தேன், ஈரம் பட்டதோ என்று வெயிலில் வைத்தேன். ஆணியில் மற்ற நூல்களோடு மாட்டிப் பார்த்தேன். நீங்கள் முதன்முதலில் அனுப்பியதைவிடக் குறைவு!

அண்ணன் நூலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். "கரண்டு சதையத் தின்னுபோட்டது. நாஞ் சொன்னனா இல்லியா? கேட்டீங்களா ஆராச்சும்?" என்று கத்தினார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை, அப்பாதான் சொன்னார். அப்பா இப்போது சொல்லிக் காட்டவும் இல்லை. ராத்திரி சாப்பிடவில்லை. "அந்தப் புள்ளைக்குக் காலே போயிருமா சங்கரி?" என்று மட்டும் கேட்டார்.

போனில் நீங்கள் "பரவாயில்லை, பரவாயில்லை" என்கிறீர்கள். என்ன பரவாயில்லை? சிறுநீர் நிறம் மாறியிருக்கிறதா? டாக்டரைப் பார்த்தீர்களா? அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நிற்கிறார். ஆர்த்தியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

இன்று காலையில் பிரின்சிபலைக் கூப்பிட்டு, இரண்டு வாரம் தள்ளிச் சேர அனுமதி கேட்டேன். உங்கள் காலைப் பற்றிச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த நிலையில் வீட்டை எப்படி விட்டுப் போவேன்?

சிவசங்கரி

12 மே. இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. போடாமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று.

காலண்டர் தாள் கிழிக்கப் போனேன். ஆணியிலிருந்து நூல்கள் விழுந்துவிட்டன. மறுபடி ஜோடி சேர்க்கும்போதுதான் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் வெள்ளை நூலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு நூலை யாரும் பார்க்கவில்லை. சிவப்பு நூல் வாரா வாரம் நீண்டிருக்கிறது அண்ணி.

ஒரு கால் தேய்ந்துகொண்டே போகிறவள் கட்டிலில்தான் கிடப்பாள். அவளுடைய நல்ல காலும் கூடவே மெலியும். உங்கள் நல்ல கால் மலையேறுகிறவள் காலைப் போல உரம் ஏறியிருக்கிறது. ஒற்றைக் காலில் யாரும் மலை ஏறுவதில்லை.

இன்னொன்று. நீங்கள் எப்போதும் நூலைப் பல்லால் கடிப்பீர்கள். சிவப்பு நூலின் நுனிகள் பிசிறாக இருக்கின்றன. வெள்ளை நூலில் ஒரு நுனி பிசிறு, மறு நுனியில் கத்தரி பட்டிருக்கிறது.

பாண்டித்துரை "கைய எடுத்துருங்கக்கா" என்று கெஞ்சியது யாரிடம்? குமிழில் இருந்தது யாருடைய கை?

நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொல்லுங்கள். உங்கள் கால் சரியாகிவிட்டதா?


உடும்பஞ்சோலை
18 மே 2024

சங்கரி,

சரியாகிவிட்டது.

ஏப்ரல் மாதமே ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டேன். சந்தைக் கதையை எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் வந்த அன்றுதான் ஏலக்காய்க் கடைப் படிகளைச் சுவரைப் பிடிக்காமல் முதன்முதலாக ஏறினேன். மேல் படியில் நின்று ஆர்த்தியைக் கத்திக் கூப்பிட்டேன். உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தால் மேசை மேல் உன் கடிதம். நின்றபடியே பிரித்தேன்.

படித்து முடித்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி படித்தேன். பெரியமுத்து. டீ மாஸ்டர். அவர்கள் விரல்கள். உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலம் குளிக்கும்போது என் தொடையை நான் தொடவில்லை, தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டேன். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

உங்கள் அண்ணன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். பெருமையில்தான் காட்டியிருப்பார். அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. அவருக்கு அதில் காட்டக்கூடாதது ஒன்றுமே இல்லை.

அடுத்த வாரம் அளந்து கடித்த வெள்ளை நூலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கத்தரியை எடுத்தேன். முதலில் கொஞ்சம். அப்புறம் ஒருநாள் நிறைய. நூல் சிறுத்தால் என்னை இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே விட்டுவைப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். பயந்து கூப்பிட வருவார்கள் என்று தோன்றவே இல்லை. என்ன மூளையோ.

அவமானம் மட்டும் காரணம் என்று சொன்னால் உன்னிடமும் பொய் சொன்னதாகும். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. ஆர்த்தி எனக்குக் கற்றுக்கொடுக்கிறாள். பட்டைகளை நனைப்பதில் ஆரம்பித்தேன். இப்போது அவள் பக்கத்தில் நிற்க, குமிழைத் திருப்புவது நான்தான். ஆஸ்பத்திரி நர்சுகள், ரிசார்ட்டில் வேலை செய்கிறவர்கள், ஏல வியாபாரிகள், எல்லோரும் நேரமில்லாமல் ஓடி வருகிறவர்கள். இதயம், வலிப்பு, கர்ப்பம் எல்லாம் நான்தான் கேட்கிறேன். வேதியியல் படித்தேன் என்பதே எனக்கு மறந்திருந்தது. தொடைக்கு மட்டுமா ஞாபகம் வந்தது?

உன் ஜூன் மாதம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை கத்தரியை எடுத்தபோதும் உன் முகம் வந்தது. வந்தும் வெட்டினேன். இதை எப்படி எழுதினாலும் நன்றாக இருக்காது.

உண்மையான நூல்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். இழுத்துப் பார், ஒரே அளவு. ஆணியில் மாட்டினால் உங்கள் அண்ணன் மறுநாளே வந்து நிற்பார். மாட்டுவதும் அடுப்பில் போடுவதும் உன் கையில்.

கோமதி


கோவிந்தாபுரம்
28 மே 2024

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்றே கல்லூரியிலிருந்தும் செய்தி வந்தது. வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் காத்திருக்க முடியாதாம். பிரின்சிபல் நல்ல மனிதர், மிகவும் வருத்தப்பட்டார். என் புத்தகங்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

போனை வைத்த பிறகுதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். "சரியாகிவிட்டது" என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டே மாட்டுக்கொட்டகையில் நின்றேன். செவலை என்னை நக்கியது. அதுவரை நக்கியதில்லை.

நூல்களை அடுப்பில் போடவில்லை, ஆணியிலும் மாட்டவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய் அண்ணன் கையில் கொடுத்தேன்.

"அண்ணி காலு நல்லாயிருச்சு. நடக்கறாங்க. அங்கியே ஒரு வேலை கத்துக்கிட்டிருக்கறாங்க. இப்போதைக்கு வரமாட்டாங்க. நானும் திங்கக்கிழமை கிளம்பறேன்" என்றேன்.

அண்ணனுக்கு வாய் பிளந்தது. நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப, பாலு கறக்கறது ஆரு?"

முதல் கேள்வி அதுதான் அண்ணி. உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பா கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து வந்தார். "மேடு ஏறறாளா?" என்றார்.

"ஏறறாங்கப்பா. சுவத்தப் புடிக்காம."

"அப்பறம் என்னடா?" என்று அண்ணன் பக்கம் திரும்பினார். "போயிக் கறடா. உனக்குக் கையில்லியா?"

சந்தை விஷயத்தையும் சொன்னேன். அண்ணனுக்கு விளங்கவில்லை. "அதுல என்ன புள்ள தப்பு? எல்லாம் நம்ம ஆளுகதான? சிரிச்சா தேஞ்சா போயிரும்?" என்றார். எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்துவந்து, "எந்திரிச்சு நில்லுங்கண்ணா. லுங்கியத் தூக்குங்க. உங்க அளவ எங்க ஸ்டாஃப் ரூம்ல காட்டோணும். டீச்சருங்க எல்லாம் நீவிப் பாக்கட்டும்" என்றேன். எனக்கு இனி ஸ்டாஃப் ரூமே இல்லை என்பது அப்போது நினைவில் இல்லை.

அண்ணன் பின்னால் நகர்ந்தார். முதுகு சுவரில் முட்டியது. இரண்டு கையாலும் லுங்கியைப் பிடித்துக்கொண்டார். இந்த ஐம்பது வயதில் அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் பார்த்ததில்லை. வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவரே பால் கறந்தார். பாதி தரையில். கறந்துவிட்டு வந்து என் முன்னால் ஒரு கறுப்பு நூலை நீட்டினார். "என்ற அளவு. அவளுக்கு அனுப்பிரு. ஆருகிட்ட வேணாலும் காட்டிக்கட்டும்" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நூல் இதோடு இருக்கிறது. ஆணியில் தொங்கியவற்றையெல்லாம் அவரே கழற்றிவிட்டார்.

இனி என் பங்கு. சந்தைக் கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதியது நான். படித்தவள், ஒரு பெண், எனக்கே அது உறைக்கவில்லை. அந்த வரிகளை நினைத்தால் இப்போது என் மேலேயே அருவருப்பு வருகிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் நீங்கள் வராததில் எனக்குக் கோபமில்லை. இந்த வீட்டுக்கு வர எனக்கும்தான் பிடிக்கவில்லை. அவர்களுக்கு வெட்டிய நூலையே எனக்கும் அனுப்பினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் "சங்கரி, நீ கிளம்பு" என்று எழுதியிருந்தால் நான் ஒன்றும் கேட்காமல் கிளம்பியிருப்பேன். என்னையும் ஸ்பீக்கரில் கேட்கிறவர்களோடு சேர்த்துவிட்டீர்கள்.

பாலக்காட்டு அறைக்குப் போகிறேன். வேலை தேட வேண்டும். இனி எனக்கு நூல் அனுப்ப வேண்டாம். கடிதம் எழுதினால் பதில் எழுதுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

சிவசங்கரி


உடும்பஞ்சோலை
2 ஜூலை 2024

அன்புள்ள சங்கரி,

இது மூன்றாவது கடிதம். முன்பு எழுதிய இரண்டும் திரும்பி வரவில்லை, அதனால் உன் கைக்கு வந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் அண்ணன் போன வாரம் வந்தார். சொல்லிக்கொள்ளாமல் வந்து ஏலக்காய்க் கடை வாசலில் மழையில் நின்றிருக்கிறார். பாண்டித்துரைதான் மேலே கூட்டிவந்தான். "யக்கா, ஒரு புது ஆளு, ரொம்பப் பயப்புடுறாரு" என்றான். என் புருஷன் என்று சொன்னதும் அவன் ஓடிப்போய்விட்டான்.

பால் கறந்து கறந்து தோள் பிடித்துக்கொண்டதாம். அதைத்தான் சொன்னார். ஆர்த்தி எல்லாக் கேள்வியும் கேட்டாள். கர்ப்பம் உண்டா என்பதை மட்டும் விட்டுவிட்டாள். நனைத்த உள்சட்டையை மாட்டி நிற்க வைத்தோம். நான் குமிழில் கை வைத்தேன். முதல் கோட்டுக்கே "ஐயோ சாமி! நிறுத்து புள்ள, நிறுத்து!" என்றார். நிறுத்தினேன். நான் நிறுத்தியதும் நின்றது என்பதை அவர் நம்பமுடியாதவர் போல என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டார், மாடுகள் காத்திருக்குமாம். எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கறுப்பு நூலை நான் யாருக்கும் காட்டவில்லை.

நீ எழுதியது சரி. உன்னையும் அவர்களோடு சேர்த்துத்தான் ஏமாற்றினேன். உனக்குச் சொன்னால் நீ போய்விடுவாய், நீ போனால் நான் வந்தாக வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு. உன் வேலையைத் தின்றுதான் நான் நடந்தேன். இதற்கு எந்தக் கடிதமும் போதாது, அதனால் இனி எழுதப் போவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி உன் அறைக்கு வருகிறேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது என்று எப்போதோ சொன்னாய். ஏறுவது எனக்கு இப்போது பெரிதில்லை. இந்த முழங்காலுக்கு இறங்குவதுதான் கஷ்டம், படிக்குப் படி நின்றுதான் இறங்க வேண்டும். நீ கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. இறங்கிக்கொள்வேன்.

கோமதி